பத்தர்நாலா பஞ்சாயத்தும் மாப்பிள்ளையின் அலாரமும்

பத்தர்நாலா,
பெரார்கஞ்ச் வழி,
தெற்கு அந்தமான்.
பங்குனி, செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை பாலகுமார் அவர்களுக்கு, மாமா குழந்தைவேலு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கடையும் சுகம். அங்கே நீங்களும் அகிலாவும் சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இதற்குள் போன் வந்திருக்கும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பஞ்சாயத்துக் கூட்டம் நடந்தது. நீங்கள் அனுப்பிய திருட்டு, தீ அலாரத்தை ஊரார் முன்னால் ஓட்டிக் காட்டினேன். அலாரம் பிரமாதமாக அடித்தது. ஊர் முழுக்க எழுந்து ஓடியது. ஆனால் திருடனைப் பிடிக்க ஓடவில்லை. பிரதான், அதாவது எங்கள் பஞ்சாயத்துத் தலைவர், வேண்டவே வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார். செட்டைப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டிவிட்டேன். அடுத்த கப்பலில் ஏறும். இந்தக் கடிதமும் அதே பெட்டிக்குள்தான் வருகிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியில் டவர் போய்விடும். டவர் இருந்தால் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் இரண்டு தொல்லையும் இல்லை. கடைசிவரை நான்தான் பேசுவேன்.

நீங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரே ஒரு தடவைதான் இந்த ஊருக்கு வந்தீர்கள். அதுவும் கப்பலில் வாந்தி எடுத்த களைப்பு ஆறுவதற்குள் திரும்பிப் போய்விட்டீர்கள். ஆகையால் அலாரம் என்ற பேச்சு இங்கே எப்படி வந்தது என்று சொன்னால்தான் அது எப்படிப் போனது என்று புரியும். போன மாசி மாதம் கால்பந்து ஃபைனல் பார்க்க ஊரே மைதானத்தில் நின்றபோது, எங்கள் கடையை ஒட்டி இருக்கிற பிரதான், வங்காளி பிஸ்வாஸ் தாதா (தாதா என்றால் இங்கே அண்ணன்) வீட்டு முற்றத்தில் காயப்போட்டிருந்த பாக்கை யாரோ பாயோடு சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாக்கு போனதற்கு அவர் வீட்டம்மா அழவில்லை, பாய் அம்மா வீட்டுச் சீதனம் என்று அழுதாள். அது ஆறுவதற்குள் தெலுங்குக்காரர் அப்பாராவின் கொப்பரைக் கொட்டகை பட்டப்பகலில் ஊர் நடுவில் எரிந்து போனது. ஒரு ஆள் போய் எட்டிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? கொப்பரைக் கொட்டகை என்றால் புகை வரத்தானே செய்யும்? இந்த ஊரில் புகை வந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை, வராவிட்டால்தான் "என்ன, தேங்காய் போடலியா?" என்று விசாரிப்பார்கள். அப்பாராவ் தலைவிரி கோலமாக ஓடி வந்தபோது எதிரே வந்த ஒரு மகாபுத்திசாலி, "இந்தத் தடவை கொப்பரை எவ்வளவு தேறும்?" என்று கேட்டிருக்கிறார். அந்த மகாபுத்திசாலி உங்கள் மாமனார்தான். வியாபாரி வாயில் வேறு என்ன வரும்?

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, ஊருக்குப் பொதுவாக ஓர் அலாரம் வைக்கலாம், திருடன் வந்தாலும் அடிக்கும், தீப்பிடித்தாலும் அடிக்கும், என் மருமகன் மதுரையில் அந்தக் கடைதான் வைத்திருக்கிறார் என்று சொன்னேன். மருமகன் சரக்கு என்பதை மறைக்கவில்லை. மறைத்து விற்ற சரக்கு மழைக்காலத்துக் கருவாடு மாதிரி, பிற்பாடு தானே நாறிக் காட்டிக்கொடுக்கும். பிஸ்வாஸ் தாதா மீசையைத் தடவிக்கொண்டு, "டீக் ஹே மெம்பர் சாப். பஹ்லே லகாகே திகாவ், முதல்ல மாட்டிக் காட்டுங்க" என்றார்.

இந்த "மெம்பர் சாப்" விஷயம் உங்களுக்குத் தெரியாது. வார்டு மெம்பர் உங்கள் அத்தைதான். பெண்களுக்கு ஒதுக்கின வார்டு. கடைக்காரம்மா என்று எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டு வாங்கியது அவள், கூட்டத்துக்குப் போவது நான். அவள் அந்த நேரம் கல்லாவில் உட்காருவாள். என்னை ஊரில் மெம்பர் சாப் என்பார்கள், அவளை மெம்பர் சாப் வீட்டம்மா என்பார்கள். இத்தனை நாளும் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை, எனக்கும்தான்.

நீங்கள் போனில் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "மாமா, ஒரு முழு ஊர் வாங்கிருச்சுன்னா அதக் காட்டியே நாலு ஊர்ல வித்துருவேன். இதுவும் போச்சுன்னா சித்திரையோட கடைய மூடிட்டு மஸ்கட்டுக்குப் பொறப்படுறேன், விசா வந்துருச்சு" என்றீர்கள். நீங்கள் மஸ்கட்டில், அகிலா மதுரையில், நாங்கள் அந்தமானில். ஒரே குடும்பத்துக்கு மூன்று ஊரில் மூன்று நேரத்தில் விடியும். அந்தப் போன் வந்த நாளிலிருந்து உங்கள் அத்தை குழம்பில் ஒன்று உப்பை மறக்கிறாள், இல்லாவிட்டால் போட்டதை மறந்து மறுபடியும் போடுகிறாள். ஆகவே இந்த ஆர்டரை வாங்கிவிட வேண்டும் என்று உங்களைவிட எனக்குத்தான் வெறி. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

செட்டு கப்பலில் பத்திரமாக வந்து சேர்ந்தது. கோயில் குழாய் மாதிரி இரண்டு ஊதி, இட்லித் தட்டு அளவில் புகை பிடிக்கிற வெள்ளை வட்டம், ஆள் அசைந்தால் பார்க்கிற கண், ஆபத்துக்கு அமுக்குகிற சிவப்புப் பொத்தான். மாட்டித் தந்தவன் குணா. பஞ்சாயத்துத் தண்ணீருக்கு வால்வு திறந்துவிடுகிறவன் அவன்தான். கரண்டு வேலையும் பார்ப்பான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பான். ஊதிகளை எங்கள் கடைக் கூரையில் வைத்தோம், கண்ணைப் பிஸ்வாஸ் தாதா வீட்டுப் பாக்கு முற்றத்தில், வெள்ளை வட்டத்தைப் பஞ்சாயத்துக் கட்டிட வராந்தாவில், பொத்தானைக் கடைவாசல் தூணில். ஒரு வாரம் ஓடட்டும், ஞாயிற்றுக்கிழமை கிராமசபையில் முடிவு என்று பேச்சு.

முதல் நாள் விடியும்போதே அலாரம் கத்தியது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். மருமகன் சரக்கு மாட்டின மறுநாளே திருடனைப் பிடித்துவிட்டது என்று வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பிஸ்வாஸ் தாதா லுங்கியோடு அரிவாளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். முற்றத்தில் திருடன் நாலு கால், தலையில் கொம்பு, மேலெல்லாம் புள்ளி. இந்தத் தீவில் புள்ளிமான்கள் எலி மாதிரி பெருகிக் கிடக்கின்றன, விடிந்தால் வீட்டுத் தோட்டத்தில்தான் நிற்கும். சத்தத்தில் மிரண்ட மான் ஒரே தாவில் வேலாயி வீட்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு போக, அந்த வழியாக வேலாயியின் ஆடுகள் எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டன. வேலாயி இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பருக்கு வந்து, அங்கிருந்து மகளோடு இங்கே வந்து சேர்ந்தவள். ஆட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். "என்னாங்க மொதலாளி, கள்ளன் வந்தா என் வூட்டுல என்னாத்த எடுப்பான்? இருக்கிறது இந்த ஆடுதான். ஆட்டுக்கு ஆண்டவன் வாயக் குடுத்திருக்கான், புடிச்சா அதுவே கத்தும். அதுக்கு எதுக்குங்க மெட்ராசுலருந்து ஒரு வாயி?" என்றாள். மதுரையிலிருந்து என்று திருத்தினேன். வேறு எதைச் சொல்வது?

காலை மானோடு போயிற்று என்றால் மாலை புகையோடு வந்தது. நம் ஆட்கள் பொழுது சாய்ந்ததும் மாட்டுக்குக் கொசு அண்டாமல் தேங்காய் மட்டையைப் புகையவிடுவார்கள். வங்காளிகள் அதே நேரத்துக்கு வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவார்கள். இரண்டும் கைகோத்துக்கொண்டு வராந்தாவுக்குள் நுழைந்தன, அலாரம் அலறியது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தவறாமல் அலறியது. மூன்றாம் நாளிலிருந்து வங்காளிப் பெண்கள் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அலாரம் அடித்ததும் சங்கை எடுத்து ஊதி, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டு, சாமி கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். உங்கள் அலாரமும் சங்கும் குலவையும் ஊர்நாய்களும் சேர்ந்து கிளப்பிய சத்தம் டவுனில் இருக்கிற டெலானிபூர் குவார்ட்டர்ஸ் வரை கேட்டிருக்கும். நீங்கள் போனில், "சென்சிட்டிவிட்டியக் கொஞ்சம் கொறைங்க மாமா" என்றீர்கள். குறைத்தோம். மட்டைப் புகைக்கு நின்றது, சாம்பிராணிக்கு நிற்கவில்லை. இன்னும் குறைத்தோம். சாம்பிராணிக்கும் நின்றது. அப்புறம் நானே ஒரு தென்னோலையைக் கொளுத்தி அதன் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். நல்ல பிள்ளையாகப் பேசாமல் இருந்தது. என் புருவம்தான் கருகியது.

இதெல்லாம் போகட்டும், புது மாடு முதலில் உதைக்கத்தான் செய்யும் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது பொத்தானில் ஆரம்பித்தது வினை. கோடை மாதத்தில் எங்கள் குழாயில் தண்ணீர் தினமும் வராது. என்று வரும், எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. குணா வால்வைத் திறந்துவிட்டு வீடு வீடாகக் கத்திக்கொண்டு ஓடுவான். அவன் கடைசி வீட்டுக்குப் போவதற்குள் முதல் வீட்டில் தண்ணீர் நின்றிருக்கும். ஒரு நாள் நான் வெங்காய மூட்டை பிரித்துக்கொண்டிருக்கிறேன், தலைக்கு மேலே ஊதி அலறுகிறது. பதறிக்கொண்டு வெளியே வந்தால் குணா தூணில் சாய்ந்துகொண்டு பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கிறான்.

"எங்கடா தீ?"

"தீ இல்ல மாமா. வால்வு தொறந்துட்டேன், தண்ணி வந்திருச்சு, பானி ஆ கயா. வீடு வீடா போயி கத்த எனக்குத் தொண்டை கஹான் ஹே?"

"அடப் பாவி, இது திருடனுக்கு வச்சதுடா!"

"திருடன் வந்தா ஒங்களுக்குச் சொல்லிட்டா மாமா வருவான்? பானிக்குத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு ஊரில் ஒரு குடம் காலி இல்லை. வேலாயி கடைவாசலில் வந்து நின்று, "ஒங்க மருமகன் நல்லா இருக்கணுங்க மொதலாளி. தண்ணிக்குக் காவ இருந்து இருந்து நான் ஆட்ட மேய்க்கவே போவ ஏலாம கெடந்தேன்" என்று உங்களை வாழ்த்தினாள். ஆடு தப்பியபோது உங்களைத் திட்டிய அதே வாய். எனக்கு அந்த வாழ்த்து கசந்தது. நான் விற்க வந்தது ஒன்று, இவர்கள் வாங்குவது வேறொன்று. ஆபத்து மணியைப் பால்காரன் மணி ஆக்கிவிட்டார்களே என்று வீட்டுக்குள் போய்ப் புலம்பினேன். உங்கள் அத்தை அரிசி புடைத்துக்கொண்டே, "தண்ணி வந்தா ஊதிட்டுப் போகட்டுமே, ஒங்களுக்கு எங்க வலிக்குது?" என்றாள். "இது திருட்டு அலாரம்டி" என்றேன். "திருடன் வருசத்துக்கு ஒருக்கா வர்றதே பெருசு. தண்ணி வாரத்துக்கு ரெண்டு தடவை வருது. ஊருக்கு எது பெருசு?" என்றாள். வியாபாரம் தெரியாதவளோடு பேசிப் பயனில்லை என்று கடைக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிராமசபை. பஞ்சாயத்துக் கட்டிடத்துக்கு முன்னால் பந்தல், மைக், பாய். ஊரில் நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நான் ஒரு காட்சி யோசித்து வைத்திருந்தேன். குணா திருடனாக நடிப்பான்; எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க எதிரே பிஸ்வாஸ் தாதா முற்றத்தில் இறங்கிப் பாக்கு மூட்டையைத் தூக்குவான்; கண் பார்க்கும், ஊதி அலறும், ஊர் பாய்ந்து பிடிக்கும், கைதட்டல், தீர்மானம், ஆர்டர். மூட்டைக்குள் உமி போடலாம் என்றேன். குணா கேட்கவில்லை. "அஸ்லி பாக்கு வேணும் மாமா, நெசப் பாக்கு. கனம் இருந்தாத்தான் நடிப்பு வரும்" என்றான். பிஸ்வாஸ் தாதாவும் பெரிய மனசு பண்ணி, மிச்சம் இருந்த நல்ல பாக்கில் ஒரு மூட்டை எடுத்து வைத்தார்.

நான் மைக்கைப் பிடித்து என் இந்தியில் பேசினேன். என் இந்தி உங்களுக்குத் தெரியும், விலை சொல்லத் தோதானது, வருணனைக்கு ஆகாது. ஆனாலும் ஆவேசமாகவே பேசினேன். "அப் தேக்கியே!", இப்போது பாருங்கள் என்று கையை நீட்டினேன். குணா முற்றத்தில் கால் வைத்தான். கண் பார்த்தது. அலாரம் அலறியது, மாப்பிள்ளை, இந்த ஒரு வாரத்தில் அவ்வளவு சுத்தமாக அது அலறியதே இல்லை.

ஒரு நொடி எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் பின்வரிசையில் யாரோ ஒருத்தி, "பானீ!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். பாய் இருந்தது, ஆள் இல்லை. அப்பாராவ் குடும்பம் ஒரு பக்கம், மலையாளி டீச்சர் ஒரு பக்கம், ராஞ்சிக்காரர்கள் ஒரு பக்கம் என்று ஊர் நாலா பக்கமும் தெறித்து ஓடியது. ஒருத்தி பிள்ளையை மடியிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். வேலாயி, அந்த வயசில், வேலியைத் தாண்டினாள். அன்றைக்கு மான் தாண்டிய அதே இடம். பிஸ்வாஸ் தாதா மட்டும் பிரதான் என்ற கௌரவத்தில் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுப் பக்கமிருந்து, "ஓகோ ஷுன்ச்சோ, பால்டி!" என்று ஒரு குரல் வந்தது. வங்காளி மொழி எனக்கு அரைகுறைதான். ஆனால் பெண்சாதி வாளியைக் கொண்டுவரச் சொல்கிற குரல் எந்தப் பாஷையிலும் புரியும். எழுந்தார், என்னைப் பார்த்தார், ஓடினார்.

மிச்சம் இருந்தது நான், என் தோளில் ஊரான் பிள்ளை, மைக், முற்றத்தில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திருடன்.

"மாமா," என்றான் திருடன், "நான் இப்ப புடிபடணுமா, இல்ல போயி வால்வு தொறக்கணுமா?"

"தொறந்து தொலைடா!" என்றேன். மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். ஆனால் அன்று மேல்தொட்டியில் தண்ணீரே ஏற்றவில்லை. குழாயில் காற்றுதான் வந்தது. ஊர் முழுக்கக் காலிக் குடத்தோடு திரும்பி வந்து என்னைச் சுற்றி நின்றது. ஐந்து பாஷையில் என்னைத் திட்டினார்கள், மாப்பிள்ளை. நான் எல்லாவற்றையும் புரிந்துகொண்டேன். இந்தத் தீவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் எல்லா பாஷையும் கற்றுக்கொண்டுவிட்டேன் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். பிஸ்வாஸ் தாதா முற்றத்துக்குப் போனவர் அங்கிருந்தே, "மேரா மூட்டை கஹான், என் மூட்டை எங்க?" என்று கத்தினார். பார்த்தால், மூட்டையைக் காணோம். ஊரே கூடியிருந்த இடத்துக்கு எதிரே, அலாரம் அலற அலற, மூட்டை போய்விட்டது. குணாவைச் சந்தேகப்படவும் வழியில்லை, அவன் வால்வு மேட்டில் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். பிரதான் திரும்பி வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். "பாய்யோ, அண்ணன் தம்பிகளே, முதல் திருட்டு அலாரம் இல்லாம நடந்தது. ரெண்டாவது திருட்டு அலாரத்தோட நடந்தது. முதல் திருட்டுக்குச் செலவு இல்லை" என்றார். நானும் மெதுவாகப் பிள்ளையை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இனி நான் சொல்வதை மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள். மருமகனுக்குப் புத்தி சொல்வது மரியாதை இல்லைதான். ஆனால் வியாபாரிக்கு வியாபாரி சொல்லலாம். உங்கள் சரக்கு பயம். பயம் உள்ள ஊரில்தான் அது போகும். இங்கே திருடன் என்ன எடுத்தாலும் கப்பல் ஏறாமல் எங்கே கொண்டுபோய் விற்பான்? நான் முதன்முதலில் விருதுநகரிலிருந்து வந்து இறங்கியபோது கொண்டுவந்தது குடை. மழை ஊர் என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு மூட்டை குடை. இங்கே அடிக்கிற காற்றில் குடை நிற்குமா? ஒருத்தன் வாங்கவில்லை. வந்தவனெல்லாம் ரப்பர் செருப்பு இருக்கிறதா என்று கேட்டான். குடையை மூட்டையாகவே தள்ளிவிட்டுச் செருப்பு வரவழைத்தேன். அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கடை. வாங்குகிறவன் கேட்பதைக் கொடு, நீ கொடுக்க நினைத்ததைக் கொடுக்காதே. இந்த ஒரு பாடத்தை நான் யாரிடமும் படிக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அலாரக் கடையை மூடிவிடுங்கள். மஸ்கட்டையும் மறந்துவிடுங்கள். அகிலாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து என் கடையில் உட்காருங்கள். மாமனார் கடையில் உட்கார்ந்தால் வீட்டோடு மாப்பிள்ளை என்று உங்கள் பக்கத்தில் பேசுவார்கள், அது உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். நீங்கள் வரமாட்டீர்கள் என்றும் தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அகிலாவின் அறையில் இப்போது பாக்கு மூட்டை அடுக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உங்கள் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

சம்பந்திக்கும் சம்பந்தியம்மாளுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். அகிலாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நீங்கள் எங்கே போய் எதை விற்றாலும் கை நஷ்டப்படாமல், வீடு பிரியாமல், நூறாண்டு நன்றாக இருக்க நம் ஊர் மாரியம்மனையும் இந்த ஊர் காளியம்மனையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். ஒருத்தி கைவிட்டால் இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
சு. குழந்தைவேலு.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததையும் ஆசீர்வாதத்தையும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடவும். பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக் கடிதத்தை வெளியே எடுத்து இதை எழுதுகிறேன். பெட்டி வராது.

அலாரம் வேண்டாம் என்பதைத் தீர்மானமாக எழுத இன்று மெம்பர்கள் கூட்டம் வைத்திருந்தார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் உங்கள் அத்தை பட்டுச்சேலையில் நிற்கிறாள். "நீங்க கல்லாவப் பாருங்க, நான் கூட்டத்துக்குப் போறேன்" என்றாள். "நீ எதுக்கு?" என்றேன். "நான்தான மெம்பரு?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் ஒருத்தர் சர்க்கரை கேட்டு வந்துவிட்டார். அவள் பின்னாலேயே வேலாயியும் பிஸ்வாஸ் தாதா வீட்டம்மாவும் ஊர்ப் பெண்களும் காலிக் குடத்தோடு போனார்கள். உள்ளே நடந்ததைக் குணா வந்து சொன்னான். போனதும் பிரதான் முன்னால் அந்தக் காணாமல்போன பாக்கு மூட்டையை வைக்கச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எல்லோரும் குழாய்க்கு ஓடியபோது கடையில் இருந்தவள் இவள் ஒருத்திதான். நான் குழாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், கேட்பாரில்லாமல் கிடக்கிறதே என்று மூட்டையை இழுத்துக் கடைக்குள் போட்டிருக்கிறாள். "அப்பவே சொல்றதுக்கென்ன பாபி?" என்று பிரதான் கேட்டாராம், பாபி என்றால் அண்ணி. "என்னைய யாரு கேட்டா? மெம்பர் சாப்பைத்தான கேட்டீங்க" என்றாளாம். அப்புறம் சொன்னது இது: "அப்பாராவ் கொட்டகை எரிஞ்சப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஒங்க பாக்கு போனப்ப ஒருத்தரும் பாக்கல. ஞாயித்துக்கெழம ஊதுனதும் வீட்டுல ஒரு ஆள் மிச்சமில்லாம எல்லாரும் ரோட்டுக்கு வந்தீங்களா இல்லையா? தண்ணின்னா வருவீங்க. வந்துட்டா கண்ணு இருக்குல்ல, தீ எரிஞ்சா தெரியாதா, திருடன் ஓடுனா தெரியாதா?" பிரதானின் வீட்டம்மா வாசலில் நின்றபடி பிரதானைப் பார்த்தாளாம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஒப்புக்கொண்டது இவ்வளவு. நீங்கள் சொன்ன விலை, குறைப்பு இல்லை. நான் போயிருந்தால் குறைத்திருப்பேன். மானைப் பார்க்கிற கண்ணும் புகை பிடிக்கிற வட்டமும் வேண்டாம். அதற்குப் பதிலாக வீதிக்கு ஓர் ஊதி, வீதிக்கு ஒரு பொத்தான். தண்ணீருக்கும் தீக்கும் திருடனுக்கும் ஒரே சத்தம். அடித்தால் எல்லோரும் குடத்தோடு வெளியே வர வேண்டும்; தீ என்றால் ஊற்றவும் திருடன் என்றால் தலையில் போடவும் அது உதவும். மெயின்லேண்டிலிருந்து சாமான் விற்கிறவர்கள் கப்பல் ஏறினதும் போன் எடுப்பதில்லை என்பதால், விற்றவர் இந்த மழையும் அடுத்த கோடையும் முடிகிறவரை இதே ஊரில் குடும்பத்தோடு குடியிருந்து பராமரிக்க வேண்டும். இது மெம்பர் ரெங்கம்மா, அதாவது உங்கள் அத்தை, போட்ட நிபந்தனை. மாமனார் கடையில் உட்காரத் தேவையில்லை, பஞ்சாயத்துக் கட்டிடத்தில் உங்களுக்குத் தனி மேசை. அகிலா அறையிலிருந்து பாக்கு மூட்டைகளை இன்றைக்கே இறக்க எனக்கு உத்தரவு. பொத்தானை அமுக்கும் உரிமை குணாவுக்கும், வீதிக்கு ஒரு பெண்மணிக்கும், உங்களுக்கும் உண்டு. எனக்குக் கிடையாது.